லாஸ் க்ரூடோஸைக் கேட்க வந்தவர்களுக்கும் கேட்க வைத்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

சனிக்கிழமை சாயங்காலம் பேஸ்மென்ட் படிக்கட்டில் எண்ணிப் பார்த்தேன், 31 ஜோடிச் செருப்பு. லாஸ் க்ரூடோஸ் என்ற சிகாகோ பங்க் குழுவின் இசைத்தட்டுகளைப் போட்டு, அவர்களுடைய ஸ்பானிஷ் பாட்டு வரிகளைத் தமிழில் வாசித்த சாயங்காலம் அது. பங்க் என்றால் வேகமும் கூச்சலுமான ராக் இசை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பங்க் கேட்ட கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. கார்பெட் புதுசு என்று அக்கா சொல்லிவிட்டார், வேறு வழியில்லை. தனித்தனியாக வாட்ஸப்பில் நன்றி சொன்னால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பேஸ்மென்ட்டைத் தந்த அந்த அக்காவுக்கும் அண்ணனுக்கும்தான். பேசி வைத்திருந்த ஹாலில் மூன்று நாள் முன்னால் கையை விரித்துவிட்டார்கள். "பாட்டுக் கச்சேரி என்றீர்கள், இதில் அரசியல் இருக்கிறதே" என்றார்கள். இருக்கிறதுதான். அன்றிரவே போன் செய்தேன். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாற்காலி வேணும்?"

இந்தக் குழு மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்று அன்றைக்குப் பலர் கேட்டீர்கள். நான் சிகாகோவுக்கு வந்தது 1999 ஜனவரியில், அந்தப் பெரிய பனிப்புயல் ஓய்ந்த கையோடு. வாடகை குறைவு என்று பில்சன் என்ற பகுதியில், 18ஆம் தெருவை ஒட்டி ஒரு மாடி அறையில் குடியேறினேன். அதே பில்சனில் 1991இல் தொடங்கிய லாஸ் க்ரூடோஸ் 1998இல் கலைந்திருந்தது. சில மாத இடைவெளியில் கோட்டை விட்டேன். அப்புறம் அவ்வப்போது மீண்டும் கூடி வாசித்திருக்கிறார்கள், ஒன்றுகூட எனக்கு வாய்க்கவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் பழைய இசைத்தட்டுகளும், மடித்து வைத்த பாட்டு வரித் தாள்களும்தான். ஸ்பானிஷ் தெரியாது. ஒரு நிமிஷப் பாட்டு, ஒரே கூச்சல். ஆனால் விஷயமில்லாமல் இப்படிக் கத்த மாட்டார்கள் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த விஷயத்தை எனக்குப் பிரித்துக் காட்டியவர் என் பழைய வீட்டுக்கார அம்மா. ஸ்பானிஷ் வழக்கில் சென்யோரா என்றுதான் இன்றும் கூப்பிடுகிறேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். முதலில் ஒரே சிரிப்பு. "இந்த மாதிரிப் பையன்கள் எங்கள் தெருவில் திரிவார்கள், நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்." தென்னமெரிக்க ராணுவ ஆட்சிகளில் காணாமல் போனவர்களைப் பற்றிய ஒரு பாட்டு வந்தபோது கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். காப்பி போடப் போனவர் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

பாடகர் மார்ட்டின் சொரோண்டெகி உருகுவேயின் மொந்தெவிதேயோவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். அவர் நடத்திய தட்டு நிறுவனத்தின் பெயர் லெங்குவா அர்மாதா. ஆயுதம் ஏந்திய நாக்கு என்று எழுதி வைத்திருந்தேன். சென்யோரா திருத்தினார்: லெங்குவா என்றால் மொழியும்தான். டாக்கோ கடையில் கறியாகக் கிடைக்குமே, அந்த மாட்டு நாக்கும்தான். நம் 'நா'வும் அப்படித்தானே என்று நான் சொல்ல, அன்றைய பாடம் டாக்கோவில் முடிந்தது.

ஸ்பானிஷ் புரியாத வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த கூட்டங்களிலும் அவர்கள் ஸ்பானிஷில்தான் பாடினார்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவில் மார்ட்டின் நின்று, இது எதைப் பற்றி என்று ஆங்கிலத்தில் விளக்குவார். பல நேரம் பாட்டைவிட விளக்கம் நீளம். இவர்கள் விட்டுப்போனதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். மொழியை மாற்றிக்கொள்ளவும் இல்லை, புரியாதவனைப் போ என்று சொல்லவும் இல்லை. காலம் எது என்றும் பாருங்கள். 1994இல் கலிபோர்னியாவில், ஆவணம் இல்லாத குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடமும் அவசரமற்ற மருத்துவமும் கூடாது என்ற 187ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தது. பிறகு நீதிமன்றம்தான் அதை முடக்கியது.

முழுக்க ஆங்கிலத்தில் அவர்கள் பாடிய பாட்டு ஒன்றே ஒன்று. லத்தீன் அமெரிக்கர்களைத் திட்டும் ஒரு சொல்லை எடுத்து, ஆமாம், அந்தக் குழுதான் நாங்கள் என்று திருப்பி அடிக்கும் பாட்டு. அந்த வசையைத் தமிழில் எப்படிப் போடுவது என்று பத்து நாள் திணறினேன். எதை எழுதினாலும் சப்பென்று இருந்தது. கடைசியில் ஹட்டனிலிருந்து வந்து இங்கே பேரப் பிள்ளைகளோடு இருக்கும் ஐயாவிடம் காட்டினேன். தாளை ஒரு தடவை பார்த்தார். "கள்ளத்தோணி என்று போடுங்கோ தம்பி" என்றார். இலங்கைப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அவர். மலையகத்தில் பிறந்த பிள்ளையையே படகில் திருட்டுத்தனமாக வந்தவன் என்று சொன்ன சொல். அன்றைக்கு அந்த வரியை அவரே எழுந்து வாசித்தார். யாரும் இருமக்கூட இல்லை. ஐயா, உங்களுக்கு நன்றி என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு: தமிழ் வரிகளின் 40 பிரதிக்குத் தாள் காசு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். ஸ்டேப்ளர் பின் தீர்ந்து கடைசிப் பத்துப் பிரதியை ஊசி நூலால் தைத்த இரண்டு தங்கச்சிகளுக்கு: அவைதான் முதலில் தீர்ந்தன.

தட்டைச் சுழலவிட்ட பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தனி நன்றி. முதல் தட்டை நான் தப்பான வேகத்தில் போட்டுவிட்டேன். பெரியவர்கள் அத்தனை பேரும் பேய் உறுமுவது போன்ற அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். "அங்கிள், ஸ்பீடு" என்று ஓடி வந்தது அவன் மட்டும்தான்.

அப்புறம், "இப்படிக் கத்தினால் யாருக்குப் புரியும்?" என்று கேட்ட பெரியவருக்கும் நன்றி. நான் பதில் சொல்வதற்குள் சென்யோரா ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்: "மெதுவாகச் சொன்னபோது மட்டும் புரிந்ததா?" சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்த நால்வரை நான் குறிப்பிடவில்லை. சுண்டலும் தமாலேயும் நன்றாக இருந்தன என்று சொன்னீர்கள், சமைத்தவர்களிடம் சேர்த்துவிட்டேன்.

மீந்த ஒரு பிரதியைச் சென்யோரா கேட்டு வாங்கிப் போனார். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது அது அவர் வீட்டுப் பிரிட்ஜ் கதவில், தேவாலய நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

ஒரு விஷயம். கறுப்பு வார் வைத்த 9ஆம் நம்பர் செருப்பு ஒரு ஜோடி இன்னும் படிக்கட்டிலேயே கிடக்கிறது. எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனீர்களோ தெரியாது, அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
தட்டைத் தப்பான வேகத்தில் போட்டவன்