அமெரிக்காவின் டென்னஸி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: தீராத ஒரு கடன் பற்றி

மாண்புமிகு உறுப்பினர்களே,

நாஷ்வில் நகரில் குடியேறி வாழும் தமிழர்களுள் ஒருவன் நான். என்னைப் போலவே இம்மாநிலத்துக்கு வரி செலுத்தி வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதைப் படித்து, டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டிய நிதியைத் தாருங்கள் என்ற இதே கோரிக்கையை உங்களிடம் வைக்க வேண்டும் என்பதால் இம்மடலைத் தாய்மொழியில் எழுதுகிறேன்.

இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்துவிட்ட பிறகு, கறுப்பின மாணவர்களுக்கென எழுந்த கல்லூரிகள் இன்னும் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை; டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

ஒரு மாநிலம் தன் நிலக்கொடைக் கல்லூரியில் (கூட்டரசு வழங்கிய நிலத்தின் வருவாயால் ஆதரிக்கப்பட்ட கல்லூரியில்) எல்லா இனத்தவரையும் சேர்க்க வேண்டும், இல்லையேல் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி அமைத்து நிதியை நியாயமாகப் பகிர வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் இரண்டாம் மோரில் சட்டம் விதித்தது. டென்னஸி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 1912இல் நாஷ்வில்லில் அந்தக் கல்லூரி திறக்கப்பட்டது; அதுவே இன்றைய டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகம். தனிக் கல்லூரி வேண்டும் என்று முடிவெடுத்தது மாநிலமே. ஆனால் கூட்டரசு தரும் நிதிக்கு ஈடாக மாநிலம் செலுத்த வேண்டிய தொகை, நாக்ஸ்வில்லில் உள்ள டென்னஸி பல்கலைக்கழகத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்த காலத்திலேயே, இக்கல்லூரிக்குப் பல பத்தாண்டுகள் வந்து சேரவில்லை. இது வெளியார் சுமத்திய பழியன்று. உங்கள் சட்டமன்றம் அமைத்த குழுவே, தரப்படாத தொகை 15 கோடி டாலரிலிருந்து 54 கோடி டாலருக்கும் மேல் வரை இருக்கலாம் என்று 2021இல் கணக்கிட்டது. அடுத்த ஆண்டு கட்டடப் பணிகளுக்காக 25 கோடி டாலர் ஒதுக்கினீர்கள். அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும் 2023 செப்டம்பரில் கூட்டரசின் கல்வி, வேளாண்மைத் துறைச் செயலர்கள் 16 மாநில ஆளுநர்களுக்கு எழுதிய கடிதங்களில், மாணவர் ஒருவருக்கான மாநில நிதியை ஒப்பிட்டு, மூன்று பத்தாண்டுகளில் இந்த ஒரு பல்கலைக்கழகம் மட்டும் 210 கோடி டாலருக்கும் மேல் இழந்திருக்கிறது என்று காட்டினார்கள். பதினாறு மாநிலங்களிலும் சேர்த்து இழப்பு 1,200 கோடி டாலருக்கும் அதிகம்.

இத்தனை இழப்போடும் அக்கல்லூரியும் அதன் அண்டைக் கல்லூரிகளும் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். நாக்பூரில் பணியாற்றி, காந்தியின் அறப்போர் முறையைப் பயின்று திரும்பிய ஜேம்ஸ் லாசன், 1959இல் இந்நகரின் தேவாலயம் ஒன்றில் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஃபிஸ்க், மெஹாரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட், டென்னஸி மாநிலக் கல்லூரி ஆகியவற்றின் மாணவர்கள் 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடைகளின் உணவு மேசைகளில் அமர்ந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறை சென்றார்கள். ஏப்ரல் 19 விடியற்காலையில் அவர்களுடைய வழக்கறிஞர் அலெக்ஸாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தபோது, எதிரே இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் சன்னல் கண்ணாடிகளும் நொறுங்கின. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்துக்கு நடந்து சென்றார்கள். மே 10 அன்று உணவு மேசைகள் எல்லாருக்கும் திறந்தன. மறு ஆண்டு, பேருந்துப் பயணங்களில் இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த விடுதலைப் பயணங்களில் கலந்துகொண்டதற்காக 14 மாணவர்களை டென்னஸி மாநிலக் கல்லூரியின் அன்றைய நிர்வாகம் நீக்கியது. அவர்களுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிடைக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் நாட்டின் மனத்தை மாற்றிய காலத்தில்தான், ஆசியரைத் தடுத்து நிறுத்திய நாட்டுவாரிக் குடியேற்ற ஒதுக்கீட்டை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. என் போன்றோர் இங்கே வீடு வாங்கி வாழ்வதில் அம்மாணவர்களுக்குப் பங்கு உண்டு என்பதை நம் சமூகத்தில் பலர் அறியாதிருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பழைய பெருமைக்காக மட்டும் நான் வாதாடவில்லை. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த 1910ஆம் ஆண்டின் ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு கறுப்பின மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. மற்றவை மூடப்பட்டதால் உருவாகாமல் போன மருத்துவர்களின் குறை இன்றும் தீரவில்லை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று தீர்ப்பளித்த பின், இக்கல்லூரிகளின் பொறுப்பு மேலும் கூடியிருக்கிறது. நாட்டில் ஏறத்தாழ நூறு கல்லூரிகளே இவ்வகையின; ஆயினும் கல்லூரிகளில் பயிலும் கறுப்பின மாணவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இவற்றில்தான் படிக்கிறார்கள். இவற்றின் கதவுகள் எந்த இனத்தவருக்கும் மூடியவை அல்ல.

டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதி நிர்வாகத்தில் தணிக்கையாளர்கள் கண்ட குறைகளைக் காட்டி, 2024 மார்ச்சில் அதன் ஆட்சிக் குழுவைக் கலைத்தீர்கள். கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே நேர்மையை மாநிலத்தின் கணக்குக்கும் கோருகிறேன். மாநிலம் தர வேண்டிய கடன் இருக்கிறபடியே இருக்க, அதனால் வலுவிழந்த நிறுவனத்திடம் மட்டும் கண்டிப்புக் காட்டுவது முறையாகாது.

ஆகவே அடுத்த கூட்டத்தொடரிலேயே, 2021ஆம் ஆண்டின் குழு கண்ட தொகையில் மீதமுள்ளதை எத்தனை ஆண்டுகளில், எந்தெந்தத் தவணைகளில் தருவீர்கள் என்ற அட்டவணையைச் சட்டமாகவே நிறைவேற்றுங்கள். கூட்டரசு காட்டிய 210 கோடி டாலர் மிகை என்று கருதினால், உங்கள் கணக்கை வரிக்கு வரி வெளியிடுங்கள். நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நாஷ்வில் குடியிருப்பாளர் ஒருவர்