நரிகளைத் தாக்கும் சொறிநோய்க்குச் சிகிச்சை கோரி மனு

அனுப்புநர்
ஆடு வளர்ப்போர் மற்றும் விவசாயிகள்,
கங்கைகொண்டான் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: நரிகளுக்கும் ஊர் நாய்களுக்கும் ஒரே சமயத்தில் சொறிநோய்ச் சிகிச்சை அளிக்க வனத்துறையையும் கால்நடை பராமரிப்புத் துறையையும் சேர்த்து உத்தரவிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குளத்தங்கரையிலும் உடங்காட்டிலும் திரியும் நரிகளுக்குச் சொறி பிடித்திருக்கிறது. முன்பு இருட்டிய பிறகு ஊளை கேட்பதோடு சரி. இப்போது உச்சிவெயிலில் ஆட்டுத் தொட்டிக்கே வந்து தண்ணீர் குடிக்கின்றன. ஆளைப் பார்த்தும் ஓடுவதில்லை. வாலில் முடி உதிர்ந்து எலிவால் போல இருக்கிறது. காதுமடலும் முழங்காலும் பொருக்குத் தட்டி, வெடித்த இடத்தில் ஈ மொய்க்கிறது. வெறி பிடித்த நரி என்று நினைத்துச் சிலர் கம்பெடுக்கிறார்கள்.

தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் நுண்பூச்சியால் வருவது இந்தச் சொறி. நாய்க்கும் நரிக்கும் எளிதில் தாவும். குளத்தங்கரையில் இரவோடு இரவாகக் கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். தெருநாயும் நரியும் அங்கேதான் கூடுகின்றன. ஊரில் பாதி நாய்கள் சொறி நாய்கள்தான்.

வனத்துறை அலுவலகத்தில் சொன்னோம்: மருத்துவம் என்றால் கால்நடைத் துறையைப் பாருங்கள் என்றார்கள். அங்கே போனால், காட்டு விலங்கை நாங்கள் தொட முடியாது என்றார்கள். இரண்டு பதிலும் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் பூச்சிக்குத் துறை வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

காட்டிலிருக்கும் எல்லா விலங்குக்கும் ஊசி போடுங்கள் என்று கேட்கவில்லை. முண்டந்துறை மலைக்குள் ஒரு மிளா மானுக்குச் சொறி வந்தால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விடலாம். இங்கே நாய் நம்முடையது, கழிவும் நம்முடையது. வயல் எலியைப் பிடிக்கிற நரி செத்தால் நஷ்டமும் நமக்குத்தான்.

முதலில், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைக் கொண்டு தோல் சுரண்டல் மாதிரி எடுத்து நோயை உறுதி செய்ய வேண்டுகிறோம். அப்புறம் மருந்து. ஐவர்மெக்டின் ஊசி முட்டையைக் கொல்லாது, அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். நாய்க்கு அது நடக்கும். நரியை இரண்டு தடவை யார் பிடிப்பது? ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்ற விலங்கின் வளை வாசலில் மருந்து வைத்த தட்டியைத் தொங்கவிட்டு, அது நுழையும்போது முதுகில் ஊற்றும்படி செய்கிறார்கள். ஒரே தடவை கொடுத்து வாரக்கணக்கில் வேலை செய்யும் வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. நம் நரிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். இரையில் வைத்தால் வேறு விலங்கு தின்றுவிடாதபடி கேமரா வைத்துக் கண்காணிக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை என்றால் அதையும் மாவட்ட நிர்வாகமே பெற்றுத் தர வேண்டுகிறோம்.

அதே வாரத்தில் ஊர் நாய்களுக்கும் மருந்து போடாவிட்டால் செய்த வேலை வீண். குளத்தங்கரையில் கழிவு கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் இந்தப் பூச்சி உடம்பை விட்டு விழுந்தும் கூடுதல் நாள் பிழைக்கும் என்பதால், ஐப்பசி மழைக்கு முன் தொடங்குவது நல்லது.

நரி வளை இருக்கும் இடங்களை எங்கள் மேய்ச்சல்காரர்கள் காட்டுவார்கள். முகாம் நாளில் நாய்களைப் பிடித்துக் கட்டி வைப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

நகல்: மாவட்ட வன அலுவலர், மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, திருநெல்வேலி.