கடல் உங்கள் கையில் இல்லை, சரி, படகு?

மாலத்தீவில் டைவ் செய்ய, அதாவது கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க, எங்களை ஏற்றிச் சென்ற சஃபாரி படகின் உரிமையாளருக்கு,

வணக்கம். ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்துக்கு நீளமாக ஒரு புகார் எழுதினேன். பதில் இரண்டே வரி. கடல் நம் கையில் இல்லையாம், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி உண்டாம். நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தது. தள்ளுபடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படகின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே புரியும்.

மாண்டா திருக்கை வரவில்லை என்பதோ, தெற்கு அரி அடோலில், அதாவது அந்தப் பவளத் தீவு வளையத்தில், திமிங்கலச் சுறா கண்ணில் படவில்லை என்பதோ என் குறை அல்ல. அந்தப் பக்கம் அது ஆண்டு முழுவதும் திரிகிறது என்றாலும், நாம் போகிற நாளில் வந்து நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதற்காக உங்களோடு சண்டைக்கு வந்தால் அது என் அசட்டுத்தனம்.

ஆனால் வாவு அடோலில் நடந்ததற்குக் கடல் என்ன செய்யும்? அங்கே டைவ் பெரும்பாலும் கண்டுகளில்தான், அதாவது அடோலின் விளிம்பை அறுத்துக்கொண்டு ஓடும் வாய்க்கால்களில். பெருங்கடல் நீர் உள்ளே பாயும் நேரத்தில் இறங்கினால் தண்ணீர் தெளிவாக இருக்கும். வாய்க்கால் முகப்பில் சுறாக்கள் நீரோட்டத்தை எதிர்த்து அப்படியே நிற்கும். கயிற்றில் கட்டிய ரீஃப் ஹூக் என்ற கொக்கியைப் பாறையில் மாட்டிக்கொண்டு காற்று தீரும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். நீர் வெளியே பாய்கிற நேரத்தில் எல்லாமே தலைகீழ். அடோலுக்குள் இருக்கும் கலங்கல் முழுக்க நம் முகத்தில் வரும், நம்மையும் ஆழ்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். எப்போது எந்தப் பக்கம் பாயும் என்பதை ஓத அட்டவணை ஓரளவு சொல்லிவிடும். மீதியைக் கைடு குதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

உங்கள் கைடு குதித்துப் பார்க்கத்தான் செய்தார். “இப்போ வேண்டாம், கொஞ்ச நேரம் கழிச்சுப் போகலாம்” என்று அவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. காலைச் சாப்பாடு தள்ளிப்போகுமாம், அப்புறம் அலிமத்தா தீவில் இரவு டைவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதாம். இறங்கினோம். பச்சைக் கலங்கலையும் முன்னால் போகிறவரின் துடுப்புக் காலணியையும் பார்த்துவிட்டு ஏறினோம்.

அது போகட்டும் என்று விடலாம். எங்களோடு வந்த ஒரு பெண் அண்மையில்தான் டைவ் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர். அந்த நீரோட்டத்தில் அவரையும் எங்கள் கூட்டத்தோடு இறக்கினீர்கள். அவரிடம் மேலே வந்ததும் ஊதிக் காட்டுகிற மிதவைகூட இல்லை. இருக்கிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரையும் விட்டு வெகு தூரத்தில் தனியாக மேலே வந்தவரைத் தோணி தேடிப்போய் ஏற்றியது. டெக்கில் உட்கார்ந்து அழுதவரிடம் உங்கள் மேலாளர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

நைட்ராக்ஸுக்கு, அதாவது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றுக்கு, தனிக் காசு வாங்கினீர்கள். ஆக்சிஜன் அளக்கும் கருவி பழுது. டேங்கில் ஆக்சிஜன் 32 சதவீதம் என்று ஒட்டியிருந்ததை நம்பிக்கொள்ளச் சொன்னார்கள். தன் டேங்கைத் தானே அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது என்பது நைட்ராக்ஸ் வகுப்பின் முதல் பாடம். ஆக்சிஜன் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தால் ஆழத்தில் வலிப்பே வரலாம். நான் சாதாரணக் காற்றோடுதான் இறங்கினேன். காசு திரும்ப வரவில்லை.

இத்தனையையும்விட என்னைத் தூங்கவிடாதது கீழ்த்தளம். அறைகளிலிருந்து வெளியேற இருந்த இரண்டாவது வழியை குளிர்பானப் பெட்டிகள் அடைத்திருந்தன. மாடிப்படி முடிகிற இடத்தில், கூடத்து மேசையின் மேல், கேமரா பாட்டரிகளும் டார்ச்சுகளும் ஒரே நீட்டிப்பு வயரில் இரவெல்லாம் சார்ஜ் ஏறின. காவலுக்கு யாரும் விழித்திருக்கவில்லை.

2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு விடியற்காலையில் எரிந்ததை நீங்கள் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். அங்கே வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் எரிந்துகொண்டிருந்த அதே கூடத்துக்குத்தான் போயின. தீ எதனால் பற்றியது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை, ஆனால் அந்தக் கூடத்தில் பாட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. இரவில் சுற்றிவரும் காவல் இல்லை என்பதை விசாரணை அழுத்தமாகச் சொன்னது. படகின் தலைவருக்கு நான்கு ஆண்டு சிறை. 2024 நவம்பரில் செங்கடலில் ஸீ ஸ்டோரி என்ற டைவ் படகு மூழ்கியதும் ஒரு விடியற்காலையில்தான்.

இதை மேலாளரிடம் சொன்னபோது, “எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை” என்றார். அந்த நம்பிக்கையை நம்பித்தான் ஒரு கூட்டமே கீழே படுத்திருந்தது.

இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கைடின் மேல் பாயாதீர்கள். உங்கள் படகில் சொல்லவேண்டியதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சமையல்காரரையும் விட்டுவிடுங்கள். தேங்காய்த் துருவலும் சூரையும் பிசைந்து அவர் தந்த மாஸ் ஹுனியை வீட்டில் செய்து பார்க்கிறேன், அந்தச் சுவை வரமாட்டேன் என்கிறது.

எனக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் போதும். ஆக்சிஜன் கருவி வாங்கியாயிற்றா? இரவுக் காவலுக்கு ஆள் போட்டீர்களா? அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டீர்களா? மூன்றாவதற்கு அடுத்த குழு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு ஆளை அனுப்பினால் பத்து நிமிட வேலை.

இப்படிக்கு,
உங்கள் கீழ்த்தள அறை ஒன்றில் படுத்திருந்த பயணி