மாலையில் ஒரு மனநலப் பிரிவு

ஆசிரியருக்கு,

செல்லூரில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தூக்கமில்லாமல் கண் உள்ளே போய், நோட்டில் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். வீட்டில் சொன்னால், "எல்லாம் அந்தப் போனால வர்றது சார்" என்பார்கள். இல்லையென்றால் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள். கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே டாக்டரிடமும் காட்டலாமே.

பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் புறநோயாளிகளைப் பார்ப்பது காலையில். பள்ளிக்கு லீவு போட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பெற்றோருக்குப் பயம். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அதை யார் அவர்களிடம் சொன்னார்கள்?

வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஐந்து மணிக்கு மேல், வளரிளம் பருவத்தினருக்கென்று மருத்துவரும் ஆலோசகரும் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். டியூஷனுக்குப் போகிற சாக்கில்கூட வந்துவிட்டுப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், 14416 என்ற டெலி மானஸ் எண், போனிலேயே மனநல ஆலோசனை சொல்லும் அரசு உதவி எண். 2022 முதல் இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பள்ளிகள் இதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் எழுதி வைத்தால் எந்தப் பிள்ளை நின்று குறித்துக்கொள்ளும்? கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

ஒரு டியூஷன் ஆசிரியர்,
செல்லூர், மதுரை.