ஜோடிக் கணக்கு வேண்டாம், சுகந்தி

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுகந்தி,

இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா, குறுவை போடலாமா என்று இவருக்குக் காலையிலிருந்து அதே பேச்சு. கோதையின் பெண்ணுக்குத் திருச்சியில் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை வரும்.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஃபோனில் நீ மீன் தொட்டியைப் பற்றிப் பாதி சொல்லும்போதே டவர் போய்விட்டது. ஆனால் கேட்ட பாதியே போதும். கடைக்காரர் எழுதிக் கொடுத்தது: கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, கப்பி இரண்டு ஜோடி, ஒரு ஃபைட்டர், கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர். இரண்டடித் தொட்டிக்கு! இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றாயே, கொடுக்காதே. முரளியிடமும் சொல்லிவை, அவன் பாட்டுக்கு ஆபீஸிலிருந்து வரும்போது வாங்கிக்கொண்டு வந்துவிடப் போகிறான்.

இந்தத் தொட்டி யாருக்கு என்பதை நினைத்துப் பார். அண்ணன் உடம்பு முடியாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டிவி பிடிக்கவில்லை, பேப்பர் படித்தால் கண் கூசுகிறது என்கிறாய். எத்தனை பேரைப் பேச்சிலேயே மடக்கிப்போட்ட மனுஷன். இப்போது அவருக்கு எதிரில் மூலையில் ஒதுங்கி நிற்கிற மீன் எதற்கு? ஓடுகிற மீன் வேண்டும், திரும்புகிற மீன் வேண்டும். அதுவும் ஒன்றையொன்று கடிக்காமல் ஓட வேண்டும். காலையில் ஒரு மீன் செத்து மிதப்பதை அவர் பார்க்கக் கூடாது. இப்போது கூடவே கூடாது.

அந்தப் பட்டியலில் இருப்பது ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல மீன்தான். சேர்த்தால்தான் வினை. கோல்டு ஃபிஷ் ஒரு சாண் வளரும், கழிவு அதிகம், குளிர்ந்த தண்ணீர் கேட்கும். நம் ஊர்க் கத்திரியில் இரண்டடித் தொட்டிக்குள் அது படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. ஏஞ்சல் உள்ளங்கை அளவுக்கு வரும், அதற்கு உயரமான தொட்டி வேண்டும், கப்பிக் குஞ்சு வாயில் அகப்பட்டால் விடாது. ஃபைட்டர், ஆண் கப்பியின் வாலைப் பார்த்துவிட்டு எதிராளி என்று பாயும். சக்கர் இப்போது விரல் நீளம்தான், போகப்போக ஒன்றரை அடி. இப்படி வாங்கி, வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டதால்தான் அது நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது. அதை வீட்டுக்குள் விடவே விடாதே.

டைகர் பார்ப்பைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதமே அதில்தான் இருக்கிறது. எட்டு பத்து இருந்தால் அவை தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொண்டு கிடக்கும். இரண்டு மட்டும் விட்டால் துரத்த ஆள் இல்லாமல் ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கப்பியின் வாலையும் கடித்துக் கிழிக்கும். மீனுக்குக் கெட்ட புத்தி இல்லை சுகந்தி, கூட்டத்தில் வாழ வேண்டியதை இரண்டாக்கி விற்றதுதான் கோளாறு. நம் ஊரில் எந்த மீன் கடைக்குப் போனாலும் ஜோடி எவ்வளவு என்றுதான் விலை சொல்கிறார்கள். நாமும் வகைக்கு ஒரு ஜோடி, பார்க்க அழகாயிருக்கும் என்று வாங்கிவிடுகிறோம். கூட்டமாக வாழ்கிற மீனை இரண்டாகப் பிரித்தால் பயந்து ஒளியும், இல்லையென்றால் இருப்பதில் பலசாலி மற்றதை விரட்டிக்கொண்டே இருக்கும். அதே மீன் எட்டு இருந்தால் அந்த விரட்டல் ஒன்றின் மேலேயே விழாது, எல்லாவற்றுக்கும் பங்காகிவிடும்.

ஆகவே வகை குறைவு, எண்ணிக்கை அதிகம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, தரையில் ஒன்று, மூன்றே வகை.

மேலே ஜீப்ரா. எட்டு. கடையில் நாலு ஜோடி என்று கேள், அவருக்குப் புரியும். விலையும் மலிவு. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. கங்கைப் பக்கத்து ஓடைகளிலும் நெல்வயல் வாய்க்கால்களிலும் கிடைக்கிற மீன், அதனால் சூட்டையும் தண்ணீர் மாறுவதையும் ஓரளவு தாங்கும். என் தொட்டிக்கு முன்னால் காலையில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது உடம்பில் ஓடுகிற நீலக்கோடு தகடு மாதிரி மின்னும். இடது மூலையிலிருந்து எட்டும் கிளம்பும். கண்ணாடியை முட்டப்போகிறது என்று நினைக்கிற நொடியில் ஒன்று திரும்பும், மற்ற ஏழும் கூடவே திரும்பிவிடும். ஆண் ஒல்லியாக, கோடுகளுக்கு இடையில் பொன் நிறம் ஏறியிருக்கும். பெண்ணுக்கு வயிறு உருண்டை. இதை அண்ணனிடம் சொல்லு, எது எது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அவை துள்ளும். தொட்டிக்கு மூடி கட்டாயம்.

இந்தச் சின்ன மீனை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டாய் அல்லவா? அதன் இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வளர்த்துக்கொள்கிறது என்று 2002இல் விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். அறுந்த தண்டுவடத்தைக்கூட இணைத்துக்கொள்ளும். மனித மரபணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இதனிடம் இணை உண்டு. அதனால்தான் எத்தனையோ ஆய்வகங்களில், ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்கிற உயிரியல் ஆய்வு மையத்திலும், இதை வளர்த்துப் படிக்கிறார்கள். அண்ணன் கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை என்று நீ அழுதாயே, அன்றைக்கு எனக்கு இந்த மீன்தான் நினைவுக்கு வந்தது. நமக்கு அந்த வரம் இல்லைதான். ஆனாலும் அவர் பார்க்கிற தொட்டியில் இது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

நடுவில் பிளாட்டி. உங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்புகிறாயே, அந்தக் கடினத் தண்ணீர்தான் பிளாட்டிக்குப் பிடிக்கும். ஆண் ஒன்று, பெண் மூன்று. சரிபாதி வாங்கினால் ஆண்கள் பெண்களை நிற்க விடாது. குட்டி போடும், பெரும்பாலானதை ஜீப்ரா தின்றுவிடும், தப்பியது தொட்டியில் வளரும். கப்பி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதன் நீண்ட வாலை ஜீப்ராவும் சில நேரம் கொத்தும். பிளாட்டிக்குக் குட்டை வால், வம்பில்லை. குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் மீனுக்கு ஊற்றாதே. அதில் உப்புச் சத்தெல்லாம் போயிருக்கும்.

தரைக்கு நம் அயிரை! ஆமாம், குழம்பு வைக்கிற அதே அயிரைதான். சிரிக்காதே. அடியில் கூழாங்கல் போடாமல் நைஸான ஆற்று மணலைக் கழுவிப் போடு. வாயால் மணலை அள்ளிச் சல்லடையாகச் சலித்துச் செவுள் வழியே விடும். சட்டென்று மணலுக்குள் புகுந்து இரண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து போதும். சந்தையில் தண்ணீரில் போட்டு உயிரோடு விற்பார்கள். ஆனால் வாங்கிய உடனே தொட்டியில் விட்டுவிடாதே, வேறு பாத்திரத்தில் இரண்டு வாரம் வைத்து நோய் இல்லை என்று பார்த்துக்கொள். வடக்குத் தெரு வாய்க்காலில் துண்டு போட்டுப் பிடித்தோமே, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் மீன், அதையும் சேர்க்க ஆசைதான். அது வாய்க்குள் போகிற சைஸில் எதையும் விடாது என்பதால் உனக்கு வேண்டாம்.

இவ்வளவும் சேர்ந்தால் பதினேழு மீன், ஐம்பது லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், முரளி எவ்வளவு அழகான மீனைக் காட்டினாலும்.

அப்புறம் அவசரப்படாதே. தொட்டி நிரப்பிய அன்றே மீன் விட்டால், கழிவிலிருந்து வரும் அமோனியாவே அவற்றைக் கொன்றுவிடும். அதை மாற்றுகிற நுண்ணுயிர் ஃபில்டரில் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் வைத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், என்னிடம் இருக்கிறது. அப்போதும் முதலில் ஜீப்ராவை மட்டும் விடு, மற்றது மெதுவாக. தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான். சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி பம்ப் ஒன்று வாங்கு. மதிய வெயில் விழுகிற ஜன்னலோரம் வைக்காதே, அண்ணனின் நாற்காலியிலிருந்து அவர் கழுத்தைத் திருப்பாமல் தெரிகிற உயரத்தில் வை.

முரளியை அடுத்த ஞாயிறு திருவாரூர் வழியாக அனுப்பு. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டுத் தருகிறேன், காயாமல், வெயில் படாமல் கொண்டுபோகச் சொல். மாவடு ஒரு பாட்டிலும் தருகிறேன், அது உனக்கு. தொட்டியின் நீள அகல உயரத்தை அவனை டேப் வைத்து அளக்கச் சொல்லி அனுப்பு. இரண்டடி என்று விற்பதில் பாதி இரண்டடி இருக்காது. குறைந்தால் பிளாட்டியை விட்டுவிடலாம், ஜீப்ரா எட்டையும் குறைக்காதே.

உன்,
வசந்தா