நைலான் நூலுக்குச் சம்மதித்தவர்களுக்கு நன்றி மடல்

வணக்கம்.

ஆய்விதழ்களில் நோயாளியின் பெயரைப் போடுவதில்லை. சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி, எங்கிருந்து வருகிறது என்று தேடி 1958-இல் வந்த கட்டுரையில், அதை எழுதிய ஸ்மைத், ரைட் என்ற இரு பெயர்கள்தான் நின்றன. முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வான டிஸ்க்கில் செய்த அறுவையின்போது, தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேரைச் சுற்றி ஒரு நைலான் நூலைக் கோத்து, அதன் முனைகளைத் தோலுக்கு வெளியே விட்டுத் தைக்கச் சம்மதித்தவர்கள் நீங்கள். வலி தீர வந்த இடத்தில், பிறகு ஒருநாள் நூலை இழுத்து "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கவும் இடம் கொடுத்தீர்கள்.

டிஸ்க் அழுத்திப் புண்பட்டிருந்த வேரில் நூல் லேசாக இழுபட்டதுமே பழைய சயாட்டிகா அப்படியே காலில் இறங்கியது. புண்படாத வேரோ அந்த இழுப்புக்கு அவ்வளவாக அசரவில்லை. 1991-இல் குஸ்லிச் குழு வெளியிட்ட ஆய்வில் 193 பேர், அறுக்கும் இடத்தில் மட்டும் மரப்பு ஊசி போட்டுக்கொண்டு, விழித்தபடியே அறுவை மேசையில் கிடந்து இதே பதிலைச் சொன்னார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

"நரம்பு நசுங்கினால் வலிக்கும்" என்ற பேச்சு பாதிதான் சரி என்று நீங்கள்தான் காட்டினீர்கள். சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, எழுந்தால் தள்ளாடுகிறது. சுரீரென்று குத்தி இழுப்பதில்லை. நல்ல நரம்பை அழுத்தினால் வருவது மரப்பும் பலவீனமும். வலிக்கு அழற்சியும் சேர வேண்டும். ஒரு விலக்கு உண்டு: வேர் வெளியேறும் முதுகெலும்புத் துளையருகே, உணர்வு நரம்புச் செல்கள் திரண்டிருக்கும் முடிச்சு. அதைச் சற்று அழுத்தினாலே அது தானாகத் துடித்து, கால் வலிக்கிறதென்று மூளைக்குப் பொய்ச் சேதி அனுப்பத் தொடங்கிவிடும்.

வாயில்லாத ஜீவன்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஸ்வீடனில் ரீடெவிக், ஊல்மார்க்கர் குழுவினர் பன்றிகளின் வேர்களை அளந்து அழுத்திப் பார்த்தார்கள். பிபி பார்க்கும் பட்டையை நாம் 180 வரை ஏற்றுகிறோம். அங்கே 10 மி.மீ. பாதரச அளவுக்குள்ளேயே சில சிறு சிரைகளில் ரத்த ஓட்டம் நின்றுபோனது. 50-ஐத் தாண்டி இரண்டு மணி நேரம் வைத்தால் மின்கடத்தலே கெட்டது. மெல்ல ஏறும் அழுத்தத்தைவிடச் சட்டென ஏறுவது அதிகச் சேதம் செய்தது. காரணம் எளிது: கை கால் நரம்புக்கு இருக்கும் தடித்த உறை வேருக்குக் கிடையாது. சிரை அடைத்தால் நீர் தேங்கி வேர் வீங்கும், வீங்கினால் மேலும் நெருக்கும். 1993-இல் இன்னொன்றும் தெரிந்தது. டிஸ்க்கின் உள்கூழை எந்த அழுத்தமும் இல்லாமல் வேர்மேல் வைத்தபோதும் கடத்தும் வேகம் குறைந்தது. கூழே ஒரு வேதித் தொல்லை!

1990-இல் போடனின் ஆய்வுக்கு எம்ஆர்ஐ எடுத்துக்கொண்ட 67 பேரே, உங்களுக்கு முதுகுவலியோ சயாட்டிகாவோ வந்ததே இல்லை. ஆனாலும் அறுபது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "ஜவ்வு விலகிடுச்சாம்" என்று கலங்கி வருகிறவர்களுக்கு உங்களைத்தான் சாட்சி சொல்கிறோம். படத்தில் உள்ள பிதுக்கமும் காலில் உள்ள குறையும் ஒரே வேரைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

அந்த வேரை எங்கள் அறையிலேயே தேடலாம். மல்லாக்கப் படுக்கவைத்து முட்டி மடங்காமல் காலை உயர்த்துகிறோம். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முட்டிக்குக் கீழே ஓடினால்தான் வேர்வலி என்று கணக்கு. தொடைப் பின்னால் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம். நைலான் நூல் செய்த வேலையைத்தான் இங்கே கால் செய்கிறது. பிறகு பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி நாங்கள் கீழே அழுத்துவோம். தாங்காவிட்டால் இடுப்புப் பகுதியின் ஐந்தாவது வேரான எல்5 மேல் சந்தேகம். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து முறை நுனிக்காலில் எழச் சொல்வோம். வலிக்காத கால் பத்தையும் முடித்து, வலிக்கிற கால் ஐந்தாறிலேயே துவண்டு, குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் துள்ளும் அனிச்சையும் வராவிட்டால், எல்5-க்கு அடுத்த வேரான எஸ்1. முதல் தடவை மட்டும் பார்த்து விடுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். கெண்டைக்கால் தசை பலமானது, ஒரு தடவை எப்படியும் தூக்கிவிடும்.

பலருக்குச் சில வாரங்களில் அழற்சி தணிந்து, பிதுங்கிய கூழை உடம்பே கரைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நரம்பிழையையும் போர்த்தியிருக்கும் மயலின் உறை மட்டும் பழுதானால் பலமும் வாரக்கணக்கில் திரும்பும். உள்ளிழையே அறுந்திருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளர்ச்சிதான், இடுப்பிலிருந்து பாதத்துக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள்.

எங்களுக்குப் பயம் தருவது அலறல் அல்ல. "வலி போயிடுச்சு, ஆனா செருப்பு கால்ல நிக்கமாட்டேங்குது" என்ற பேச்சுதான். வேர் சேதி அனுப்புவதையே நிறுத்தியிருக்கலாம். அதைக் குணம் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் கசிந்தாலோ, பிசியோதெரபிக்கு வராதீர்கள். அன்றே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நன்றியுடன்,
கால்வலிக்காரர்களைத் தினமும் தொட்டுப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டுகள்