அந்தக் கேசட்டுகளை ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் கேபிள் உள்ளூர் சேனல் நடத்துகிற, நடத்தி நிறுத்திவிட்ட அனைவருக்கும்,

வணக்கம். கட்டணத்தைப் பற்றியோ, இரவுச் செய்தியை விட நகைக்கடை விளம்பரம் நீளமாக ஓடுவதைப் பற்றியோ குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் கண்ட்ரோல் ரூமின் பின்பக்க அலமாரியில் கிடக்கும் பழைய கேசட்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வானொலியில் இந்த மாவட்டம் முந்திக்கொண்டது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது. தொலைக்காட்சியில் கதை நேர்மாறு. 1975-இல் தொடங்கிய சென்னைத் தூரதர்ஷனின் அலை இந்தத் தெற்கு மூலையை எட்டவில்லை. உயரமான கம்பம் நட்டு ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கு இலங்கையின் ரூபவாகினி தெரிந்தது. பிறகு திருவனந்தபுரம் தெரிந்தது. சிங்களமும் மலையாளமும் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளுக்குள் நம் ஊர்க் கொடையை, அதாவது கோயில் திருவிழாவை, முதலில் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான்.

மாடியில் டிஷ், அறைக்குள் கேசட் ஓட்ட ஒரு டெக், அந்தப் படத்தைக் கேபிளில் ஒரு சேனலாக ஏற்ற ஒரு மாடுலேட்டர், தெருத்தெருவாக இழுத்த கேபிள். அவ்வளவுதான் அன்றைய நிலையம். 1995-இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டு தொழிலைத் தொடர்ந்தீர்கள். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் தேர்ப்பவனி, தக்கலை பீரப்பா தர்கா ஆண்டுவிழாவில் பாடும் ஞானப்புகழ்ச்சி, மண்டைக்காட்டு மாசிக்கொடை என்று எல்லாவற்றுக்கும் கேமரா போனது. பெரிய சேனல்களுக்கு இவை அரை நிமிடச் செய்தி. நீங்கள் விடிய விடியக் காட்டினீர்கள். மேடையில் இருந்த வில்லுப்பாட்டுப் புலவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் வேறு எங்கும் பதிவாகியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

2004 டிசம்பர் 26-ஐயும் சொல்லியாக வேண்டும். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறிய அன்று, வெளியூர்க் கேமராக்கள் வருவதற்கு முன்பே அங்கே நிற்கக்கூடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசி, கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கரையில் குடும்பங்கள் காத்திருந்த நாட்களும் அப்படியே. அந்தப் பதிவுகளில் பிணங்கள் இருக்கலாம், அழுகிற தாய்மார்கள் இருக்கலாம். அவற்றை இணையத்தில் ஏற்றிக் காசாக்கச் சொல்லவில்லை. அழியாமல் வைத்திருக்கச் சொல்கிறேன். பார்க்க யாருக்கு அனுமதி என்பதை அந்தந்த ஊரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

பிறகு தொழிலே மாறியது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, கேபிள் டிஜிட்டலாக மாற வேண்டும், வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று கட்டாயமானது. கிராமங்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31. உங்கள் மாடுலேட்டர் ஒரே நாளில் பழைய இரும்பாகிவிட்டது. சேனலைப் பெரிய கேபிள் நிறுவனத்தின் சேனல் வரிசையில் நுழைக்க முடிந்தவர்கள் நீடித்தார்கள், மற்றவர்கள் கதவை இழுத்துப் பூட்டினார்கள்.

2022 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இத்தகைய சேனலின் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய்; மாநில அளவிலான வரம்புக்கு மேல், மாவட்ட அளவில் கூடுதலாக இரண்டு சேனல்களுக்கு இடமுண்டு. ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டுமாம். புகார் வந்தால் விசாரிக்க 90 நாட்கள் போதும். ஊரின் நினைவுக்கு? தொண்ணூற்றோராம் நாள் அழித்தால் கேட்பார் இல்லை.

கேசட்டின் எதிரி நம் வானிலை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கிற மண் இது. ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த டேப் டெக்கின் ஹெட்டையும் கெடுக்கும். விஎச்எஸ் டெக் செய்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே உங்களிடம் ஓடுகிற டெக் ஒன்று இருந்தால் அதைப் பழுது பார்த்து வையுங்கள். ஒரு மணி நேர Mini DV (சிறிய டிஜிட்டல் வீடியோ) கேசட்டைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். இடம் சுமார் 13 ஜிபி. நூறு கேசட்டுகள் ஒரே ஹார்டு டிஸ்கில் அடங்கிவிடும். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளிடம் இதற்கான கருவி இன்னும் இருக்கும்.

ஒரு பிரதியை மாவட்டத்தின் கல்லூரி நூலகம் ஒன்றில் கொடுத்து வையுங்கள். உரிமை உங்களிடமே இருக்கட்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விட வேண்டாம்.

முதலில் 2004 டிசம்பர் கேசட்டுகள், அடுத்து வில்லுப்பாட்டு. லேபிள் உதிர்ந்தவற்றை உங்கள் பழைய கேமராமேன்களிடம் போட்டுக் காட்டுங்கள். கொடிமரத்தையும் பந்தலையும் பார்த்தே எந்த ஊர், எந்த ஆண்டு என்று அவர்களால் சொல்ல முடியும். அவர்களில் சிலருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது; இந்த மழைக்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கல்குளம் வட்டாரத்து நேயர் ஒருவர்